டிஸ்னி பார்க்கில் பசி வேளை

ஃப்ளோரிடாவில் இருக்கும் மகள், உங்களை டிஸ்னியின் மேஜிக் கிங்டமுக்குக் கூட்டிப்போகிறாளா? சந்தோஷம். ஆனால், அங்கே கவுன்ட்டரில் வாங்கிச் சாப்பிடும் ஹோட்டல்களில் பகல் 12 முதல் 2 மணி வரை நம்மூர் கல்யாணப் பந்தி மாதிரிதான். தட்டும் கையுமாக இடம் தேடணும்.

இன்சுலினோ, சில வகை சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு இந்தத் தாமதம் ஆபத்து. கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், தலை சுற்றும். 'வெயில்தான் காரணம்' என்று விட்டுவிடாதீர்கள். உடனே அரை டம்ளர் ஜூஸ் கொடுங்கள்.

பேசாமல் 11 மணிக்கே சாப்பிட்டுவிடலாம். செல்போனில் ஆர்டர் செய்யும் வசதி 2017-லேயே வந்துவிட்டது. அது வரிசையை மிச்சப்படுத்தும், நாற்காலி தராது! கொலம்பியா ஹார்பர் ஹவுஸில் மாடியிலும் இடம் உண்டு. வீட்டுச் சப்பாத்தியையும் தாராளமாகக் கொண்டுபோகலாம். கண்ணாடி பாட்டிலுக்குத்தான் தடை.