வெயிலில் வேலை செய்யும் விஷம்

களைக்கொல்லியைக் காலையில் தெளிப்பது நன்றா, மாலையில் தெளிப்பது நன்றா என அங்கத்தினர் சிலர் வினவுகின்றனர். பாராகுவாட் என்னும் மருந்தைப் பொறுத்தமட்டில், இலைக்குள் நடப்பதை அறிந்தாலன்றி இதற்கு விடை கூறுதல் இயலாது.

1962-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த மருந்து இது. நல்ல வெயிலில் தெளித்தால் சில மணி நேரத்திலேயே களை வதங்கிவிடும். தெளித்த செடியை இருட்டில் வைத்தாலோ மிக மெதுவாகவே வாடும். ஆகவே கொல்வது மருந்து மட்டுமன்று, வெயிலுந்தான்.

இலையிலுள்ள பச்சையம் சூரிய ஒளியை ஏற்று, எலெக்ட்ரான் என்னும் நுண்துகள்களைக் கைமாற்றிக் கைமாற்றிச் செடிக்கு உணவு ஆக்குகிறது. பாராகுவாட் இடையே புகுந்து அத்துகள்களைப் பறித்துப் பிராணவாயுவிடம் கொடுத்துவிடுகிறது. கொடுத்தபின் தான் பழைய நிலையை அடைந்து மீண்டும் பறிக்கிறது. ஒளி உள்ளவரை இவ்வேலை ஓயாது. இவ்வாறு துகளேற்ற பிராணவாயு, உயிரணுவைத் தாக்கும் கொடிய வடிவங்களை அடைகின்றது.

உயிரணுவைச் சுற்றியுள்ள சவ்வு பெரும்பாலும் கொழுப்பால் ஆனது. திறந்த பாத்திரத்தில் வெளிச்சம் படும்படி வைத்த கடலை எண்ணெய் காறிப்போவதை நம் இல்லங்களில் கண்டிருக்கிறோம். சவ்வின் கொழுப்புக்கும் அக்கதியே நேர்கிறது. ஆனால் மாதக்கணக்கில் அன்று, மணிக்கணக்கில். கெட்ட ஒரு கொழுப்பு மூலக்கூறு அடுத்ததைக் கெடுக்க, அது அதற்கடுத்ததைக் கெடுக்கிறது. இதைத் தடுக்க இலையில் இ வைட்டமின் முதலிய காவலர் உண்டெனினும், வெள்ளம் மிஞ்சியபின் அணை எம்மட்டு? சவ்வு பிளந்து சாறு கசிய, இலை துவள்கிறது.

கடும் வெயிலில் தெளித்தால் மருந்து பட்ட இடம் உடனே கருகி, மேற்கொண்டு பரவ வழியின்றிப் போகும். மாலையில் தெளித்தால் இரவெல்லாம் இலையில் பரவி, மறுநாள் வெயிலில் முழுமையாக வேலை செய்யும். கலங்கல் நீரில் கலத்தல் வீண். களிமண் இம்மருந்தை இறுகப் பற்றிக்கொள்ளும். கோரையின் மேற்புறம் கருகுமேயன்றிக் கிழங்கு சாகாது. மறுபடி முளைத்த கோரையைக் கண்டு கடைக்காரரை ஏசுவதில் பயனில்லை.

இனி முக்கியமான விஷயம். மனித உடலில் இவ்விஷம் வேலை செய்ய வெயில் தேவையில்லை. நுரையீரல் இதைத் தானே இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். எலெக்ட்ரானை அங்குள்ள உயிரணுக்களே கொடுக்கும். பிராணவாயுவுக்கோ அங்கே பஞ்சமில்லை. இதற்கு இன்றளவும் மாற்று மருந்து கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கிருந்த அனுமதியை நீதிமன்றம் 2007-இல் ரத்து செய்தது.

சோடா பாட்டிலில் ஊற்றிவைத்த மருந்தைப் பானமென்று கருதி ஒரு வாய் குடித்தவரும் மாண்டதுண்டு. கசியும் தெளிப்பானை முதுகில் சுமப்பதும் ஆபத்தே. புண்பட்ட தோல் வழியாக விஷம் உட்புகும். மேலே பட்டால் துணியைக் களைந்து சோப்பிட்டு நன்கு கழுவுக. வாயில் சென்றிருந்தால், ஆள் நலமாகத் தோன்றினும் மருந்துச் சீட்டுடன் அக்கணமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். மூச்சுத் திணறல் தோன்றச் சில நாட்கள் ஆகலாம். அதற்குள் நுரையீரல் கெட்டிருக்கும்.