தோட்டக் குளக் கருவிகளின் பாதுகாப்பு

தோட்டக் குளக் கருவிகளின் பாதுகாப்பு என்பது, வீட்டுத் தோட்டங்களில் அமைக்கப்படும் மீன் குளங்களில் பயன்படும் நீரேற்றி, வடிகட்டி, காற்றூட்டி, புறஊதா விளக்கு, குழாய்கள், வலைகள் முதலியவற்றை மனிதருக்கும் மீன்களுக்கும் தீங்கு நேராத வகையில் அமைத்துப் பேணும் முறைகளைக் குறிக்கும். இயற்கைக் குளங்களைப் போலன்றி, தோட்டக் குளங்களில் குறைந்த அளவு நீரில் அதிக மீன்கள் வளர்க்கப்படுகின்றன. எனவே இக்குளங்களின் மீன்கள் கருவிகளின் தொடர்ச்சியான இயக்கத்தை நம்பியே உயிர் வாழ்கின்றன. ஒரு கருவி பழுதடைவதாலோ, தவறான இடத்தில் பொருத்தப்படுவதாலோ ஒரே இரவில் குளத்தின் எல்லா மீன்களும் இறந்துபோகக் கூடும்.

பின்னணி

தோட்டக் குளங்களில் பெரும்பாலும் தங்கமீன்களும் கோய் மீன்களும் வளர்க்கப்படுகின்றன. தங்கமீன் சீனாவில் தோன்றிய வளர்ப்பு மீன் ஆகும். கோய் என்பது கெண்டை மீனின் வண்ண வகை. இது 19 ஆம் நூற்றாண்டில் சப்பானின் நீகாட்டா பகுதி உழவர்களால் உருவாக்கப்பட்டு, 1914 ஆம் ஆண்டு டோக்கியோவில் நடந்த கண்காட்சிக்குப் பின்னர் பரவலாக அறியப்பட்டது. பழைய குளங்களில் ஓடை நீர் இயல்பாகவே வந்து சென்றது. இன்றைய வீட்டுக் குளங்களில் அதே நீர் மின்சார நீரேற்றியால் மீண்டும் மீண்டும் சுழற்றப்படுகிறது.

இச்சுழற்சிக்கு இரண்டு நோக்கங்கள் உண்டு. முதலாவது, நீரில் ஆக்சிசனைக் கரையச் செய்வது. இரண்டாவது, மீன்களின் கழிவை மாற்றுவது. மீன்கள் தம் செவுள்களின் வழியாக அமோனியாவை வெளியேற்றுகின்றன. வடிகட்டியில் வாழும் ஒரு வகைப் பாக்டீரியாக்கள் இந்த அமோனியாவை நைட்ரைட்டாகவும், வேறு வகைப் பாக்டீரியாக்கள் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அமோனியா, நைட்ரைட்டு ஆகிய இரண்டும் மீன்களுக்கு நஞ்சாகும். நைட்ரேட்டு ஒப்பளவில் தீங்கு குறைந்தது.

மின்சாரப் பாதுகாப்பு

நீரும் மின்சாரமும் ஒன்றுசேரும் இடமாதலால், குளக் கருவிகளில் மனிதருக்கு நேரும் முதன்மையான தீங்கு மின்னதிர்ச்சி ஆகும். ஈரமான தோலின் மின்தடை குறைவு. குளத்தில் கையை விடுபவர் பெரும்பாலும் ஈர மண்ணில் வெறுங்காலுடன் நிற்பவராகவும் இருப்பார். ஆகவே பின்வரும் ஏற்பாடுகள் இன்றியமையாதவை.

* கசிவு மின்னோட்டத் துண்டிப்பான்: ஆர்.சி.சி.பி. என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் இக்கருவி, இணைப்பில் செல்லும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இல்லாதபோது மின்சாரத்தைத் துண்டிக்கிறது. மனிதரைக் காப்பதற்கு 30 மில்லிஆம்பியர் அளவில் துண்டிக்கும் வகை பயன்படுகிறது. சாதாரண உருகி இப்பணியைச் செய்யாது. அது மின்கம்பிகளை மிகை மின்னோட்டத்திலிருந்து மட்டுமே காக்கும்.
* குறைந்த மின்னழுத்தம்: சிறிய நீரேற்றிகளும் நீரடி விளக்குகளும் 12 வோல்ட்டு வகையில் கிடைக்கின்றன. இவற்றின் மின்மாற்றியைக் குளத்திலிருந்து தள்ளி, நனையாத இடத்தில் வைக்க வேண்டும்.
* நீர்க்காப்புத் தரம்: கருவியின் மேல் குறிக்கப்படும் ஐ.பி. குறியீட்டின் இரண்டாம் எண் நீர்க்காப்பைக் காட்டுகிறது. ஐ.பி. 67 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கியிருப்பதைத் தாங்கும். ஐ.பி. 68 என்பது, உற்பத்தியாளர் குறிப்பிடும் ஆழத்தில் தொடர்ந்து மூழ்கியிருப்பதற்கு உரியது. நீருக்குள் இயங்கும் கருவிக்கு இரண்டாவது தரமே ஏற்றது.
* மின்கம்பி: மண்வெட்டி, புல்வெட்டி, எலி ஆகியவற்றால் சேதமடையாதவாறு கம்பியைக் கவசக் குழாயினுள் செலுத்த வேண்டும். செருகிக்கு முன்னர் கம்பியைச் சிறிது தொங்கவிட்டால், கம்பி வழியே வரும் நீர்த்துளி செருகியை அடையாமல் கீழே சொட்டிவிடும்.

நீரேற்றியை மின்கம்பியைப் பிடித்துத் தூக்குவது, கம்பி உள்ளே நுழையும் இடத்திலுள்ள நீர்த்தடுப்பைத் தளர்த்திவிடும். இதற்கெனத் தனிக் கயிறு கட்டப்பட வேண்டும். குளத்தினுள் கை வைக்கும் முன்னர் எல்லா மின் இணைப்புகளையும் துண்டிப்பது அடிப்படை விதி ஆகும். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2005 சனவரி முதல் தோட்டம் உள்ளிட்ட வீட்டு மின்பணிகள் கட்டட விதிமுறைகளுக்குள் கொண்டுவரப்பட்டன.

மின்துண்டிப்பும் மீன்களும்

மனிதரைக் காக்கும் துண்டிப்பான் மீன்களுக்கு ஆபத்தாகவும் அமையக் கூடும். மழை நாளில் தோட்ட விளக்கு ஒன்றில் ஏற்படும் சிறு கசிவால் துண்டிப்பான் செயற்பட்டால், அதே இணைப்பிலுள்ள நீரேற்றியும் நின்றுவிடும். இரவில் நீர்த்தாவரங்களும் பாசிகளும் ஆக்சிசனை உட்கொள்வதால், விடியற்காலையில் நீரின் ஆக்சிசன் அளவு மிகக் குறைவாக இருக்கும். வெப்பம் மிகுந்த நீர் குறைந்த ஆக்சிசனையே கொள்ளும். 10 °செ. வெப்பநிலையில் ஒரு லீட்டர் நன்னீர் ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஆக்சிசனைக் கொள்ளும். 30 °செ. வெப்பநிலையில் அது ஏறத்தாழ 7.5 மில்லிகிராமாகக் குறைகிறது. இதனால் கோடைக்கால மின்தடையே மிகவும் ஆபத்தானது. மீன்கள் நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது ஆக்சிசன் குறைவின் அறிகுறி ஆகும்.

துண்டிப்பானை நீக்கிவிடுவது இதற்குத் தீர்வாகாது. நீரேற்றிக்கும் காற்றூட்டிக்கும் தனித்தனித் துண்டிப்பான்களை அமைத்தால், ஒன்று நின்றாலும் மற்றது இயங்கும். விளக்குகளை இவ்விணைப்புகளில் சேர்க்கக் கூடாது. மின்கலத்தால் இயங்கும் காற்றூட்டியையும், மின்சாரம் நின்றால் ஒலிக்கும் எச்சரிக்கை மணியையும் வைத்திருப்பது நல்லது.

நீரோட்டம் நின்ற வடிகட்டியில் உள்ள பயன்தரும் பாக்டீரியாக்கள் ஆக்சிசன் இன்றிச் சில மணி நேரத்தில் இறக்கத் தொடங்குகின்றன. நீண்ட மின்தடைக்குப் பின்னர் நீரேற்றியை அப்படியே இயக்கினால், வடிகட்டியில் தேங்கி அழுகிய நீர் குளத்தினுள் பாயும். ஆகவே வடிகட்டியிலுள்ள நீரை முதலில் வெளியே வடித்து, உட்பொருட்களைக் குளத்து நீரால் அலசிய பின்னரே மீண்டும் இயக்க வேண்டும். பின்வரும் சில நாட்களுக்கு உணவைக் குறைத்து, அமோனியா, நைட்ரைட்டு அளவுகளைச் சோதித்தல் வேண்டும்.

நீர் இழப்பு

குளத்தின் அடித்தளத்தில் வைக்கப்பட்ட நீரேற்றியின் வெளிக்குழாய் கழன்றாலோ, பிளந்தாலோ, நீரேற்றி குளத்து நீர் முழுவதையும் வெளியே இறைத்துவிடும். இதனைத் தவிர்க்க நீரேற்றியை அடித்தளத்திலிருந்து உயர்த்தி, செங்கல் அல்லது கல் மேடையின் மேல் வைப்பர். அப்போது குழாய் பிளந்தாலும் மீன்கள் தங்கியிருக்கப் போதிய நீர் எஞ்சும். நீர்மட்டம் குறையும்போது மின்சாரத்தை நிறுத்தும் மிதவை நிலைமாற்றியும் பயன்படும்.

நீரேற்றி குளத்தைவிடத் தாழ்வான தொட்டியில் இருந்து, திரும்பும் குழாயின் முனை குளநீரில் மூழ்கியிருந்தால், நீரேற்றி நிற்கும்போது நீர் பின்னோக்கி ஓடித் தொட்டி வழியாக வெளியேறும். பின்னோட்டத் தடுப்பு வால்வு பொருத்துவது அல்லது குழாய் முனையை நீர்ப்பரப்புக்கு மேலே வைப்பது இதைத் தடுக்கும். இதே காரணத்தால் காற்றூட்டியையும் நீர்மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். இல்லாவிடில் மின்சாரம் நிற்கும்போது நீர் காற்றுக் குழாய் வழியாக ஏறிக் கருவியினுள் புகும்.

உறிஞ்சு வாயும் கூரிய விளிம்புகளும்

நீரேற்றியின் உறிஞ்சு வாயில் மீன் குஞ்சுகளும் தலைப்பிரட்டைகளும் இழுக்கப்படுகின்றன. பெரிய மீன்களும் நோயுற்றிருக்கும்போது ஒட்டிக்கொள்வதுண்டு. வாயைச் சிறு துளைகள் கொண்ட அகன்ற கூட்டினுள் அமைத்தால் உறிஞ்சும் விசை பெரும்பரப்பில் பரவிக் குறைகிறது. கூடு அடைபட்டால் எஞ்சிய துளைகளில் விசை மிகும் என்பதால் அதனைத் தவறாமல் தூய்மை செய்ய வேண்டும்.

மீன்கள் அச்சமடையும்போது விரைந்து பாய்கின்றன. எனவே அறுபட்ட குழாய் முனை, உலோகப் பட்டையின் விளிம்பு, திருகாணி முனை ஆகியவற்றை மழுங்கச் செய்தல் அல்லது மூடுதல் வேண்டும். செதில் பெயர்ந்த இடத்தில் நோய்த்தொற்று எளிதில் ஏற்படும்.

நச்சுப் பொருட்கள்

கருவிகள் செய்யப்பட்ட பொருளும் கவனிக்கத்தக்கது.

* செம்பு, துத்தநாகம்: செப்புக் குழாய்களும் துத்தநாகம் பூசிய இரும்பும் நீரில் சிறிது சிறிதாகக் கரைகின்றன. மென்னீரிலும் அமிலத்தன்மை உள்ள நீரிலும் இவற்றின் நச்சுத்தன்மை கூடுகிறது. நெகிழி, துருப்பிடிக்காத எஃகு ஆகியன ஏற்றவை.
* எண்ணெய்: சில நீரேற்றிகளின் மோட்டார் எண்ணெயால் நிரப்பப்பட்டது. நீர்த்தடுப்பு தேய்ந்தால் எண்ணெய் நீரில் கலக்கும். காந்த விசையால் சுழலும் வகையில் எண்ணெய் இல்லை.
* சிமெந்து: புதிய சிமெந்துப் பூச்சிலிருந்து வெளியேறும் சுண்ணாம்பு நீரின் காரத்தன்மையை உயர்த்தும். அவ்வாறு உயரும்போது நீரிலுள்ள அமோனியாவின் நச்சுத்தன்மையும் மிகும்.
* ஒட்டுப்பசை: குளியலறைகளுக்கான சிலிக்கோன் பசையில் பூஞ்சைக்கொல்லி சேர்க்கப்பட்டிருக்கலாம். மீன்தொட்டிக்கு உரியது எனக் குறிக்கப்பட்ட பசையையே பயன்படுத்த வேண்டும்.

குழாய் நீரிலுள்ள குளோரினும் இங்கு சேர்த்து எண்ணத்தக்கது. குடிநீரில் மனிதருக்குத் தீங்கற்ற அளவே மீன்களின் செவுள்களைச் சிதைக்கப் போதுமானது. குளத்தை நிரப்பக் குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோவது மீன்கள் பெருமளவில் இறப்பதற்கு ஒரு காரணமாகும். சோடியம் தயோசல்பேட்டு குளோரினை நீக்கும். வடிகட்டியைக் குளோரின் கலந்த குழாய் நீரில் கழுவினால் அதன் பாக்டீரியாக்கள் அழியும்.

புறஊதா விளக்கு

பச்சை நீரை உண்டாக்கும் நுண்பாசிகளை அழிக்க, ஏறத்தாழ 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதாக் கதிர்களை வெளியிடும் விளக்குகள் பயன்படுகின்றன. விளக்கு மூடிய கலத்தினுள் இருப்பதால் மீன்களுக்குத் தீங்கில்லை. எரியும் விளக்கை நேரடியாகப் பார்ப்பது கண்ணுக்குத் தீங்கு விளைவிக்கும். விளக்கினுள் பாதரசம் இருப்பதால் அது உடைந்தால் உடனே நீரோட்டத்தை நிறுத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியும் நீல ஒளி தொடர்ந்தாலும் புறஊதாக் கதிரின் வலிமை காலப்போக்கில் குறைவதால், விளக்கு வழக்கமாக ஆண்டுக்கொருமுறை மாற்றப்படுகிறது.

இரைகௌவிகளும் திருட்டும்

நாரை, மீன்கொத்தி, நீர்நாய், பூனை ஆகியன குளத்து மீன்களை வேட்டையாடுகின்றன. குளத்தின் மேல் கட்டும் வலை இறுக்கமாகவும் நீர்ப்பரப்புக்குச் சற்று உயரத்திலும் இருக்க வேண்டும். தளர்ந்த வலையில் பறவைகளும் பாம்புகளும் சிக்கி இறக்கின்றன. வலை குழந்தைகளைத் தாங்காது. சில சென்டிமீட்டர் ஆழ நீரிலும் சிறு குழந்தை மூழ்கக் கூடும். ஆகவே குழந்தைகள் உள்ள வீடுகளில் உறுதியான கம்பித் தட்டியோ பூட்டிய வேலியோ தேவை.

கோய் மீன்கள் பெருவிலை பெறுவதால் அவையும் திருடப்படுகின்றன. 2018 ஆம் ஆண்டு சப்பானின் ஹிரோசிமாவில் ஒரு கோய் மீன் 20 கோடி யென்னுக்கு மேற்பட்ட விலைக்கு ஏலம் போனது. கருவிகளைப் பூட்டிய பெட்டியில் வைப்பது, அவற்றின் மேல் உரிமையாளர் குறியைப் பொறிப்பது, ஒவ்வொரு மீனையும் ஒளிப்படம் எடுத்து வைப்பது ஆகியன பயன் தரும். ஒவ்வொரு கோயின் வண்ண அமைப்பும் வேறுபடுவதால் படத்தைக் கொண்டு மீனை அடையாளம் காணலாம். பெட்டியில் காற்றோட்டத் துளைகள் இல்லாவிடில் காற்றூட்டி சூடேறிப் பழுதடையும்.

குளிர்காலம்

குளிர் நாடுகளில் குளத்தின் மேற்பரப்பு உறையும். நீர் 4 °செ. வெப்பநிலையில் அடர்த்தி மிக்கதாதலால் அடிப்பகுதியில் மீன்கள் தங்குகின்றன. அடியிலுள்ள நீரேற்றி இந்த நீரைக் குளிர்ந்த மேல்நீருடன் கலந்துவிடும் என்பதால், அது மேலே உயர்த்தப்படுகிறது அல்லது நிறுத்தப்படுகிறது. வளிமங்கள் வெளியேற மிதக்கும் சூடேற்றியால் பனிக்கட்டியில் ஒரு துளை பேணப்படும். பனிக்கட்டியைச் சம்மட்டியால் உடைத்தால் அதிர்வலைகள் மீன்களைத் தாக்கும்.

இவற்றையும் பார்க்க

* தங்கமீன்
* கெண்டை மீன்
* நைட்ரசன் சுழற்சி
* மின்னதிர்ச்சி