ஹைபிரிட் பிக்கப் வண்டியில் வயர்லெஸ் பெட்டிக்கு மின்சாரம்

2023-ம் வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நமது திருவள்ளூர் ஜில்லாவில் பல இடங்களில் கைப்பேசித் தொடர்பு அற்றுப்போனதை விவசாயிகள் மறந்திரார். அத்தகைய காலத்தை உத்தேசித்து, கும்மிடிப்பூண்டி, பொன்னேரிப் பக்கத்துத் தாழ்ந்த நிலத்தார் ஹைபிரிட் பிக்கப்பில் வயர்லெஸ் பெட்டி வைக்க எண்ணினால், தேவையான சர்க்கார் லைசென்ஸைப் பெற்ற பின் கவனிக்க வேண்டியவை வருமாறு.

இவ்வண்டியில் பாட்டரி இரண்டு. ஓட்டத்திற்கு உதவும் பெரியது பலவற்றில் 200 வோல்ட்டுக்கு மேற்பட்டது. ஆரஞ்சு நிறக் கம்பிகள் அதனைச் சேர்ந்தவை. தொடுவது உயிருக்கு அபாயம். பெட்டிக்கு வேண்டியது 12 வோல்ட் சிறிய பாட்டரியே. 50 வாட் பெட்டி பேசும்போது சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். ஆதலால் நேர்முனைக்கு ஒரு சாண் தூரத்திற்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, தடித்த செம்புக் கம்பியை நேரே பெட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். சிகரெட் கொளுத்தும் துளையிலிருந்து எடுப்பது சோம்பேறியின் வழி. அதன் கம்பி இப்பாரத்தைத் தாங்காது.

பெரிய பாட்டரி நிரம்பியிருக்கக் குறையென்ன என்று சிலர் கேட்பர். வண்டி ‘ரெடி’ நிலையில் இருக்கும்போதே அதிலிருந்து சிறியதற்கு மின்சாரம் இறங்கும். வண்டியை அணைத்துவிட்டுப் பெட்டியை இராமுழுதும் இயக்கினால் சிறியது வற்றிப்போகும். பெரியது நிரம்பியிருந்தும் விடியற்காலை வண்டி கிளம்பாது. வெள்ளத்தில் நெடுநேரம் தங்க நேரின் ‘ரெடி’யில் வைத்தே பேசுக. மூடிய கொட்டகைக்குள் மட்டும் அவ்வாறு செய்யற்க. இயந்திரம் தானே ஓடி நச்சுப்புகை கக்கும்.