இடாப்பைக் கண்டவர்களின் தயக்கம்

வெள்ளவத்தையின் மரக்கறிக் கடைகளிலும் கொட்டாஞ்சேனையின் தேநீர்க் கடைகளிலும் காசுப்பெட்டியருகே ஒட்டப்பட்டிருக்கும், கைத்தொலைபேசியால் பணம் செலுத்த உதவும் லங்கா கியூஆர் அட்டையை, மிச்சக் காசுக்காகக் காத்து நிற்கும் அவஸ்தையிலிருந்து கிடைத்த விமோசனமாகவே இளைஞர் கருதுகின்றனர். அவர்கள் அபிப்பிராயத்தில் நியாயம் உண்டு. ஆயினும், வங்கிக் கணக்கும் கைத்தொலைபேசியும் இருந்தும் தாள்களையே எண்ணிக் கொடுக்கும் முதியவர்களை அறியாமையில் ஆழ்ந்தவர்கள் என்போருடன் நான் உடன்படுவதற்கில்லை.

1983 ஜூலையில் கொழும்பு நகரத்துத் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கைகளில் வாக்காளர் இடாப்பு இருந்தது. வாக்குரிமை என்னும் உத்தமமான காரியத்திற்காக அரசாங்கம் தயாரித்த அவ்விடாப்பே, அந்நோக்கத்திற்கு முற்றிலும் அந்நியமான கைகளைச் சேர்ந்தபோது, எந்த வீட்டைக் கொளுத்துவது என்று காட்டும் சாதனமாயிற்று. யுத்த காலத்தில் தமிழரைப் பொலிஸில் பதிவு செய்யும் முறை வந்தது; 2007 ஜூன் 7 ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் பலர் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர்; மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. இவற்றை அனுபவித்த ஒருவர், தம்மைப் பற்றி எங்கே எழுதப்படுகிறது, யார் அதை வாசிப்பார் என்று வினவுவது விவேகமேயன்றிப் பேதைமையன்று.

கொடுப்பனவுப் பதிவோ பெயரோடும் விலாசத்தோடும் நிற்பதில்லை. எந்தப் பாமசியில் எவ்வளவு, எந்த வைத்தியருக்கு, எந்தக் கோயிலுக்கு, எந்த நாளில், எந்த வேளையில் என்று சேர்ந்து சேர்ந்து, நாளடைவில் ஒரு குடும்பத்தின் சீவியம் முழுவதையுமே அது அறிந்துகொள்கிறது.

ரொக்கத்தின் அந்தரங்கத்தையும் மிகைப்படுத்தலாகாது. வெளிநாட்டுப் பிள்ளைகள் உண்டியல் என்னும் முறைசாரா வழியே அனுப்பும் பணமும் பல வேளைகளில் உள்ளூர் வங்கிக் கணக்குகளிலேயே வைப்பிலிடப்படுகிறது. அது தொலைந்தால் முறையிட இடமுமில்லை.

என் மனத்தாங்கல் வேறு. அரசாங்கத்துக்குரிய கட்டணங்களை இணையவழியே செலுத்தும் கவ்பே 2025 பெப்ரவரியில் ஜனாதிபதியால் ஆரம்பிக்கப்பட்டது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரதான பகுதிகளோ, அடுத்த மாதமே அமுலுக்கு வரவேண்டியிருந்தும் பிற்போடப்பட்டன. சௌகரியத்தில் காட்டிய அவசரத்தைப் பாதுகாப்பிலும் காட்டியிருக்க வேண்டாமா? அச்சட்டம் பூரணமாக நடைமுறைக்கு வருவது எப்போதாயினும், வங்கிகள் தம் செயலிகளின் மூலம் எதைச் சேகரிக்கின்றன, யாரிடம் கையளிக்கின்றன, எத்தனை காலம் வைத்திருக்கின்றன என்பதை, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஒரே இருப்பில் வாசித்து விளங்கிக்கொள்ளக்கூடிய தமிழில் இப்போதே அறிவிக்க வேண்டும்.