சின்னப் பிள்ளைகளின் கைவிரல்களுக்கு ஒரு சுவர்ப் பலகை

வீடு திருத்தும்போது பிணைச்சல், தாழ்ப்பாள், கொண்டி என்று சில சாமான்கள் மிஞ்சும். பழைய கதவு உக்கிப் போயிருந்தாலும் அதில் இருந்த தாழ்ப்பாள் இன்னும் ஓடும். அவற்றைப் பழைய இரும்புக்குக் கொடுத்தால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஒரு பலகையில் பூட்டி, பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் சுவரில் பொருத்திவிடுங்கள். ஒன்று முதல் ஐந்து வயது வரையான பிள்ளைக்கு அது நாட்கணக்கில் விளையாடக்கூடிய சாமான். கடையில் விற்கும் பிளாஸ்டிக் விளையாட்டுப் பொருட்களைவிட இதுவே மேல் என்பது எமது எண்ணம்.

விளையாட்டுக்கு இப்போது என்ன அவசரம் என்று நீங்கள் கேட்கலாம். கூரை, கிணறு, வயல் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. ஆனால் பிள்ளையின் வயது காத்திருக்காது. 1990இல் வீரமுனையை விட்டுப் போன குடும்பங்களின் சின்னப் பிள்ளைகள் பலருக்கு முகாம்தான் வீடாக இருந்தது. படங்காலும் சேலையாலும் மறைத்த ஓர் இடத்தில் திறந்து மூடக் கதவு இல்லை, இழுக்க லாச்சி இல்லை, திருகக் குழாய் இல்லை. இருந்த நான்கு சாமானையும் பிள்ளை தொட்டுவிடாமல் உயரத்தில் வைக்க வேண்டியிருந்தது. இதில் உங்கள் பிழை எதுவுமில்லை. ஆனால் பிள்ளையின் கைக்குக் கிடைக்க வேண்டிய வேலை கிடைக்காமல் போயிருக்கலாம்.

கைவிரல்கள் தாமாகவே பழகிவிடுவதில்லை. நான்கு, ஐந்து மாதத்தில் பிள்ளை பொருளை முழுக் கையாலும் பிடிக்கும். ஒன்பது மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் ஒரு சோற்றுப் பருக்கையை எடுக்கும். ஒன்றரை வயதில் இரண்டு மூன்று கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். மூன்று வயதளவில் போத்தல் மூடியைத் திருகும், வட்டம் ஒன்றைப் பார்த்துக் கீறும். ஜனவரி 31ஆம் திகதிக்குள் ஐந்து வயது பூர்த்தியான பிள்ளை முதலாம் வகுப்புக்குப் போகிறது. அங்கே பென்சில் பிடிக்க வேண்டும், சட்டைத் தெறி பூட்ட வேண்டும், தண்ணீர்ப் போத்தலைத் திறக்க வேண்டும். விரலில் பலமில்லாத பிள்ளை எழுதத் தொடங்கியவுடன் களைத்துப்போகும். அதைப் பார்ப்பவர்கள் ‘படிப்பு ஏறாத பிள்ளை’ என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பேச்சுக்கு இடம் வைக்காமலிருக்க இந்த வயதில்தான் வழி செய்ய வேண்டும்.

இது புதிய யோசனை அல்ல. இத்தாலிய வைத்தியர் மரியா மொண்டிசோரி 1907இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பொன்றில் சின்னப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். மரச் சட்டங்களில் துணியைப் பூட்டி, தெறி போடவும் நாடா கட்டவும் பிள்ளைகளைப் பழக்கினார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்த அவர், யுத்த காலம் முழுவதும் இந்தியாவில் தங்கியிருந்தார். 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். நமது ஊர்களில் பாலர் பாடசாலையை இன்றும் ‘மொண்டிசோரி’ என்று சொல்வது அவர் பெயரால்தான். பெயர் நிலைத்த அளவுக்கு அந்தக் கைவேலை நிலைக்கவில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்குக் கொப்பியும் பென்சிலும் கொடுத்து ‘அ’ எழுதச் சொல்கிறோம்.

இனிப் பலகை. மூன்றடி நீளம், இரண்டடி உயரமுள்ள ஒரு தட்டுப் பலகை போதும். ஓரங்களையும் மூலைகளையும் அரத்தாளால் நன்றாகத் தேய்த்து வழுவழுப்பாக்குங்கள். அதில் ஓடும் தாழ்ப்பாள் ஒன்று, கொண்டி ஒன்று, பிணைச்சலில் ஆடும் சின்னக் கதவு ஒன்று பூட்டுங்கள். கதவுக்குப் பின்னால் ஒரு படம் ஒட்டிவிட்டால் பிள்ளை அதைப் பார்க்கவே பலமுறை திறக்கும். பழைய காற்சட்டையின் சிப்பையும், தெறியுள்ள சட்டைத் துண்டொன்றையும் ஓரங்களில் ஆணி அடித்து இழுத்துப் பொருத்தலாம். மூடியுள்ள பிளாஸ்டிக் போத்தலின் கழுத்துப் பகுதியைத் துளையிட்டு இறுக்கினால் திருகிப் பழகலாம். கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கம் கரைவலைத் தொழில் செய்யும் உறவினர் இருந்தால் பழைய மிதப்புக்கட்டைகள் கேளுங்கள். கழுவிக் காயவைத்து, இரு முனையும் இறுக்கிய தடித்த கம்பியில் கோத்தால் பிள்ளை அங்குமிங்கும் தள்ளி எண்ணும். மருதமுனைத் தறிகளில் கழித்த நூற்கட்டைகளும் இதற்கு நல்லவை. எல்லாவற்றையும் ஒரே நாளில் பூட்ட வேண்டாம். நான்கு சாமானுடன் தொடங்கி, பிள்ளைக்குச் சலித்ததும் ஒன்றைக் கழற்றி வேறொன்றைப் போடுங்கள்.

பலகையின் அடி நிலத்திலிருந்து ஓரடி உயரத்தில் இருக்கட்டும். மூன்று வயதுப் பிள்ளை ஏறக்குறைய மூன்றடி உயரந்தான். அது நின்று விளையாடும், தவழும் தம்பியோ தங்கையோ கீழ்வரிசையில் விளையாடும். சீமெந்துச் சுவராயின் ரோல் பிளக் வைத்துத் திருகாணியால் இறுக்குங்கள். மண்சுவரிலும் கிடுகு வேலியிலும் ஆணி நிற்காது. அங்கே இரண்டு கப்புகளில் நான்கு மூலையையும் கம்பியால் கட்டி, கம்பியின் முனைகளைப் பின்பக்கம் மடக்கிவிடுங்கள். பிள்ளை கட்டாயம் அதில் தொங்கும். ஆகவே முதலில் நீங்கள் இரு கையாலும் பிடித்து முழுப் பலத்துடன் இழுத்துப் பாருங்கள்.

சாமான் தேடும்போது மிகக் கவனம் தேவை. ஆட்கள் இல்லாமல் கிடந்த வளவுகளிலும் பற்றைகளிலும் கிடக்கும் இரும்பை எடுக்க வேண்டாம், பிள்ளைகளைப் பொறுக்க அனுப்பவும் வேண்டாம். என்னவென்று தெரியாத உலோகப் பொருளைக் கண்டால் தொடாமல், போன வழியே திரும்பி வந்து, கிராம சேவையாளருக்கும் பொலிசாருக்கும் அறிவியுங்கள். உங்கள் வீட்டுக் கதவிலும் யன்னலிலும் இருந்து நீங்களே கழற்றியவை மட்டும் போதும். உடைந்த அஸ்பெஸ்டோஸ் தகட்டைப் பலகையாகப் பாவிக்காதீர்கள். வர்ணம் உரியும் பழைய மரமும் வேண்டாம். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும், ஈயம் சின்னப் பிள்ளையின் மூளையைப் பாதிக்கும். களைநாசினி, பூச்சிநாசினி போத்தல்களை எத்தனை தரம் கழுவினாலும் எடுக்க வேண்டாம். கழன்று வரக்கூடிய எந்தச் சாமானும் மூன்று சென்றிமீற்றரைவிடச் சிறிதாக இருந்தால் அது தொண்டையில் அடைக்கும். தொங்கும் கயிறோ நாடாவோ ஒரு சாணுக்கு மேல் வேண்டாம், கழுத்தில் சுற்றும். பழைய மின் சுவிட்ச் அழகாகத்தான் ‘டிக்’ என்று சத்தம் போடும். ஆனால் பலகையிலுள்ள சுவிட்சுக்கும் சுவரிலுள்ள சுவிட்சுக்கும் பிள்ளைக்கு வேறுபாடு தெரியாது.

பிள்ளை விளையாடும்போது அம்மாவோ அம்மம்மாவோ பக்கத்தில் இருந்து அரிசி புடைத்தால் போதும், பாடம் நடத்தத் தேவையில்லை. தாழ்ப்பாள் இறுகினால் உடனே திறந்து கொடுக்காதீர்கள். ஒருமுறை மெதுவாகச் செய்து காட்டிவிட்டு, திரும்ப மூடி விடுங்கள். இடக்கையால் திறக்கும் பிள்ளையை வலக்கைக்கு மாற்றவும் வேண்டாம். ஆனால் ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மாத்திரம் பாவித்து மற்றக் கையைத் தொங்கவிட்டாலோ, நான்கு மாதத்துக்குப் பின்னும் கையை எப்போதும் பொத்தியே வைத்திருந்தாலோ, முன்பு செய்ததை இப்போது செய்யாமல் விட்டாலோ மருத்துவ மாதுவிடம் சொல்லுங்கள், அல்லது சம்மாந்துறை வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். பலகை அதற்கு மருந்தல்ல.

மாதம் ஒருமுறை எல்லாத் திருகாணியையும் இறுக்குங்கள். இன்னுமொன்று: பலகையில் தாழ்ப்பாள் திறக்கப் பழகிய பிள்ளை சில நாட்களில் படலையின் கொண்டியையும் திறக்கும். கட்டு இடிந்த கிணறுகள் பல வளவுகளில் இன்னும் திறந்தபடியே கிடக்கின்றன. பலகையைச் சுவரில் பூட்டுவதற்கு முன்னர் உங்கள் கிணற்றை மூடுங்கள், பக்கத்து வெறுவளவுக் கிணற்றையும் அயலவரோடு சேர்ந்து மூடுங்கள், படலையின் கொண்டியைப் பிள்ளைக்கு எட்டாதபடி ஐந்தடி உயரத்துக்கு மாற்றுங்கள்.