புல்தரை பச்சையாக இருந்தால் போதுமா?

சென்னையிலோ கோவையிலோ புதிய அடுக்குமாடிக் குடியிருப்பின் விளம்பரம் வந்தால், அதில் புல்தரையில் ஓடும் குழந்தை கட்டாயம் இருக்கும். சிமென்ட் தரையைவிடப் புல் நல்லதுதான். விழுந்தால் முட்டி பெயராது, வெயிலில் கால் சுடாது. ஆனால் நம் ஊர் வெக்கையில் அந்தப் பச்சையைக் காப்பாற்ற மாதாமாதம் என்னென்ன கொட்டப்படுகிறது என்று பராமரிப்புக் கட்டணம் கட்டும் பெற்றோரில் எத்தனை பேர் விசாரிக்கிறோம்?

லேபிள் இல்லாத பாட்டில்

தோட்டக்காரர் பழைய குளிர்பான பாட்டிலை எடுக்கிறார். மூடியால் இரண்டு மூடி அளந்து தெளிப்பானில் விடுகிறார். தண்ணீர் பாலாக வெளுக்கிறது, மண்ணெண்ணெய் போல் ஒரு நெடி. என்ன மருந்து என்று கேட்டால், "எறும்பு மருந்துங்க" என்கிறார். தெளித்த ஈரம் காய்வதற்குள் பிள்ளைகள் பந்தோடு இறங்கிவிடுகிறார்கள்.

எறும்புக்கும் கரையானுக்கும் நம் ஊரில் பரவலாக அடிப்பது குளோர்பைரிபாஸ். நரம்பு மண்டலத்தைத் தாக்கும் ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்து இது. அமெரிக்காவில் வீட்டு உபயோகத்தில் இருந்து பெரும்பாலும் இதை விலக்குவதென்று 2000-இலேயே முடிவானது. குழந்தைகளின் உடல்நலம்தான் அதற்கு முக்கியக் காரணம். 2025-இல், சில விதிவிலக்குகளோடு, ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிக்கப்பட வேண்டிய ரசாயனங்கள் பட்டியலிலும் சேர்ந்தது.

பெரியவர்கள் செருப்புப் போட்டுப் புல்லில் நடந்துவிட்டுப் போகிறோம். இரண்டு வயதுக் குழந்தை அதில் தவழும், புரளும், புல்லைப் பிடுங்கிய கையை வாயில் வைக்கும். அதன் மூச்சு தரைக்கு அருகில் இருக்கிறது. எடையோடு ஒப்பிட்டால் நம்மைவிட அதிகக் காற்றை உள்ளிழுக்கிறது, தோல் பரப்பும் அதிகம். நமக்கு ஒன்றும் செய்யாத அளவு குழந்தைக்கும் ஒன்றும் செய்யாது என்று நினைப்பது தவறு.

பூச்சிமருந்து டப்பாவில் சாய்சதுரக் குறி ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பு என்றால் மிகக் கடுமையான நஞ்சு. மஞ்சள், நீலம், பச்சை என்று வரிசையாகக் கடுமை குறையும். சிவப்பும் மஞ்சளும் குழந்தைகள் ஆடும் இடத்துக்கு வரவே கூடாது. பச்சைக் குறி என்றால் குடித்தாலும் ஒன்றுமில்லை என்ற பொருளும் இல்லை. தெளித்தே ஆகவேண்டிய நிலை வந்தால், முதல் நாளே அறிவிப்புப் பலகையில் எழுதிப்போட்டு, லேபிளில் சொன்ன காலம் வரை கயிறு கட்டி அடைக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் இரண்டு முழு நாளாவது விடுங்கள். மருந்தைக் குளிர்பான பாட்டிலுக்கு மாற்றும் வழக்கத்தை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். தாகத்தில் வரும் பிள்ளைக்கு அது மருந்து என்று எப்படித் தெரியும்?

கோரை இருந்தால் இருக்கட்டும்

புல்தரைக்காரர்களின் பெரிய தலைவலி கோரை. நடைபாதைக் கல்லின் இடுக்கிலும் வேலியோரத்திலும் கிளைபோசேட் அடிப்பவர்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் அதை 'மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும்' என்ற பிரிவில் வைத்தது. பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்வோர் வழியாக மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. ஆகவே தோட்டக்காரர் தானே வாங்கி அடிக்கும் சரக்கல்ல அது.

மழை பெய்த மறுநாள் களைக்கொத்தியால் கிழங்கோடு கிண்டி எடுப்பதுதான் கோரைக்கு நல்ல வழி. கூலி கூடுதலாகும், ஆகட்டும். புல்லை ஒட்ட மழிக்காமல் வெட்டினால் களை முளைக்க வெளிச்சம் கிடைக்காது. ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். வேர்ப்புழுவுக்கு ஃபோரேட் குருணை தூவுவது பழைய பழக்கம். 2020 இறுதியோடு அதற்கு நாட்டில் தடை. வேப்பம் புண்ணாக்கைத் தூவி நீர் பாய்ச்சுவது போதும். கொரியன் புல்லுக்குக் காட்டும் சீராட்டு அருகம்புல்லுக்குத் தேவையில்லை, மிதியும் தாங்கும். பத்து கோரைத் தாள் தலைகாட்டினால் குடியிருப்பின் மானம் போய்விடாது.

மண்ணும் தண்ணீரும்

நாய், பூனைக் கழிவு கிடக்கும் ஈர மண்ணில் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் இருக்கும். வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழைந்து, நெளிநெளியாகச் சிவந்த கோடு விட்டு அரிக்கும். காலையில் கழிவை அகற்றிவிட்டுப் பிறகு பிள்ளைகளை விடுங்கள், விளையாடி வந்ததும் கைகாலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் குடற்புழு நீக்க மாத்திரையைத் தவறவிடாதீர்கள். பச்சைச் சாணம் வேண்டாம், நன்கு மக்கிய தொழுஉரம் போடலாம்.

பல குடியிருப்புகளில் புல்லுக்குப் பாய்வது சுத்திகரித்த கழிவுநீர். கிருமி நீக்கம் ஒழுங்காக நடக்கிறதா என்று சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். அதிகாலையில் பாய்ச்சினால் மாலைக்குள் காய்ந்துவிடும்.

வேலியோரம்

இதைச் சொல்லும்போது பலர் நம்புவதில்லை: அழகுக்காக வைத்த செவ்வரளியும் மஞ்சள் அரளியும் இதயத் துடிப்பையே குலைக்கும் விஷச் செடிகள். மஞ்சள் அரளியின் காயைச் சொப்பு வைத்து விளையாடும் பிள்ளை கடித்துப் பார்க்கும். காட்டாமணக்கு விதையைத் தின்று வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் பிள்ளைகள் கூட்டமாக மருத்துவமனைக்கு வந்த செய்திகள் தமிழ்நாட்டில் அடிக்கடி வருபவை. இவற்றை வெட்டிவிட்டுச் செம்பருத்தியோ இட்லிப்பூவோ வையுங்கள்.

புல்வெட்டும் இயந்திரம் ஓடும்போது குழந்தைகள் வீட்டுக்குள் இருக்கட்டும். பிளேடில் பட்ட கூழாங்கல் கண்ணைப் பறித்துவிடும். புல்தரை விளக்குகளுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் இருக்கிறதா என்று மழைக்கு முன் மின்பணியாளரிடம் சோதிக்கச் சொல்லுங்கள்.

மருந்து பட்டுவிட்டால்

ஆர்கனோபாஸ்பரஸ் உடலில் சேர்ந்தால் எச்சில் ஒழுகும், வியர்க்கும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், வாந்தி வரும், தசை துடிக்கும். உடனே உடையைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். டப்பாவையோ லேபிளின் படத்தையோ கையோடு கொண்டு போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் அதற்கான முறிவைத் தாமதமின்றிக் கொடுக்க முடியும். ஆம்புலன்சுக்கு 108. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நச்சுத் தகவல் மையத்துக்குக் கட்டணமில்லா எண் 1800 116 117. இரண்டு எண்களையும் தோட்டக்காரரின் அறைக் கதவில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.