பெர்மிட் இருந்தும் இடிந்த மரடு ஃபிளாட்டுகள்

பஞ்சாயத்து பெர்மிட் கொடுத்தது. பத்திரப் பதிவும் நடந்தது. வீட்டு வரியும் கட்டியாயிற்று. பிறகு எப்படி அது சட்டவிரோதக் கட்டடம்? கொச்சியை அடுத்த மரடுவில் காயலோரம் ஃபிளாட் வாங்கியவர்கள் கேட்ட கேள்வி இது.

பதில், 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்த 1991 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பில் இருக்கிறது. இந்த விதி கடற்கரைக்கு மட்டும் உரியதல்ல. ஓதம் ஏறி இறங்கும் காயல், கழிமுகம், உப்பங்கழிக் கரைகளுக்கும் பொருந்தும். அங்கே கட்ட உள்ளாட்சியின் கையெழுத்து மட்டும் போதாது. மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் சம்மதிக்க வேண்டும். 2006இல் மரடு பஞ்சாயத்து அந்தச் சம்மதம் இல்லாமலே பெர்மிட் கொடுத்தது. மறுவருடமே தவறு தெரிந்து நோட்டீஸும் அனுப்பியது. கட்டுநர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தங்களுக்குச் சாதகமான தீர்ப்பு பெற்றார்கள். வழக்கு நடக்க நடக்க மாடிகள் எழுந்தன, வீடுகள் விற்றன.

ஆணையத்தின் மேல்முறையீட்டில் 2019 மே 8 அன்று இடிக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். "இப்போது விதி தளர்ந்துவிட்டதே" என்ற வாதம் எடுபடவில்லை. பெர்மிட் கொடுத்தபோது என்ன விதி இருந்ததோ அதுதான் கணக்கு. அபராதம் கட்டி வரன்முறை செய்துகொள்ளலாம் என்று நம் ஊரில் நம்புகிறோமே, அந்த வழியும் திறக்கவில்லை. செப்டம்பரில் மின்சாரமும் குடிநீரும் துண்டிக்கப்பட்டன. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் 300க்கும் அதிகமான வீடுகள் கொண்ட நான்கு வளாகங்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 19 மாடிக் கட்டடம் ஒன்று சில விநாடிகளில் தூசாகிப் போனது.

வீட்டுக்காரர்களுக்கு இடைக்கால இழப்பீடாகத் தலா 25 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவானது. முதலில் அரசு கொடுத்து, பின்னர் கட்டுநர்களிடம் வசூலிக்க வேண்டும். கட்டுநர் ஒருவரும் முன்னாள் பஞ்சாயத்துச் செயலாளரும் கைதானார்கள். ஆனால் வீட்டைக் காலி செய்து தெருவில் நின்றது, வாங்கியவர்தான்.

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் விதிமீறலுக்கு இருந்த சிறைத் தண்டனை பின்னர் நீக்கப்பட்டு, 2024 ஏப்ரல் முதல் 10 ஆயிரம் முதல் 15 லட்சம் ரூபாய் வரையிலான அபராதமாக மாறியிருக்கிறது. பெரிய கட்டுநருக்கு இது ஒரு செலவுக் கணக்கு, அவ்வளவுதான்.

நீர்நிலைக்கோ கடலுக்கோ அருகில் வீடு பார்க்கிறீர்களா? பட்டா, வில்லங்கச் சான்று, பிளான் அப்ரூவலோடு நிறுத்தாதீர்கள். கடலோர ஆணையத்தின் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். சர்வே எண்ணைக் கடலோர மண்டல வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடிதம் "வந்துவிடும்" என்று சொன்னால், அது வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.